யார்க்கரும் மொட்டையும்: என் திறமை என்னன்னு யார் சொல்றது?



இந்த வருஷ தைப்பூச பாதயாத்திரையில, தாராபுரம் தாண்டி ஒரு தென்னந்தோப்புல ராத்தங்கல். கால்ல கொப்புளம், உடம்பெல்லாம் புழுதி. சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் தார்ப்பாய் விரிச்சுப் படுத்துட்டோம். பக்கத்துல எங்க ஊர்ப் பையன் ஒருத்தன். இஞ்சினியரிங் மூணாம் வருஷம் படிக்கிறான். தூக்கம் வராம புரண்டுட்டு இருந்தவன் திடீர்னு கேட்டான்.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு கோடிங் வரும்னு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"இன்னும் தெரியலடா"ன்னேன். சுத்திப் படுத்திருந்தவங்க சிரிச்சாங்க. அவன் சிரிக்கல.

"எனக்கு எதுவுமே வரலைங்கண்ணா. ஒம்பது அரியர் இருக்குது. வருஷா வருஷம் நடந்து வந்து முருகங்கிட்ட ஒண்ணேதான் கேக்கறேன், எனக்கு என்னத்தக் குடுத்து அனுப்பிச்சேன்னு. பதிலே வரமாட்டேங்குது."

அதுக்கு நான் சொன்னது: "எல்லாம் நல்லதே நடக்கும், படு தம்பி."

சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கியும் போயிட்டேன். ஊருக்கு வந்து, பெங்களூருக்குத் திரும்பி, லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு மோசமானதுன்னு உறைச்சது. ஒருத்தன் உயிர்க்கேள்வி கேட்கிறான், நான் ஸ்டேட்டஸ்ல வைக்கிற வரியைத் தூக்கிக் கொடுத்திருக்கேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்க எழுதிப் பார்க்கிறேன். முழுப் பதில் என்கிட்ட இருக்குன்னு நினைச்சுடாதீங்க.

முதல்ல, எங்க பக்கம் 'திறமை'ன்னா என்னன்னு சொல்லணும். சேலம், நாமக்கல் ஆளுங்களுக்கு இது நல்லாத் தெரியும். எங்க வட்டாரத்துல திறமைக்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது, மார்க். தமிழ்நாட்டு மூலைமுடுக்குல இருந்தெல்லாம் பிள்ளைங்களைக் கொண்டாந்து நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிகள்ல விட்டுட்டுப் போவாங்க. நானும் அப்படி ஒரு பள்ளியில ரெண்டு வருஷம் இருந்தவன். பேர் வேண்டாம். விடிகாலை நாலரைக்கு விசில். பதினொன்னாம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் தொடாம விட்டுட்டு, ரெண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே அரைக்க விடுவாங்க. காலையில டெஸ்ட், சாயங்காலம் டெஸ்ட், ஞாயித்துக்கிழமை பெரிய டெஸ்ட். ரிசல்ட் வந்ததும் பஸ் ஸ்டாண்டுல இருந்து பைபாஸ் வரைக்கும் பிளெக்ஸ் பேனர். ஊரே கேலியா 'பிராய்லர் பள்ளி'ன்னு சொல்லும். முட்டைக்குப் பேர் போன ஊருக்கு அந்தக் கேலி பொருத்தமாத்தான் இருந்தது. 2017-ல அரசாங்கம் ரேங்க் அறிவிக்கிறதையே நிறுத்துச்சு. அதே வருஷம் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டாந்தாங்க. நாங்க எல்லாம் அதுக்கு முந்தின ஆட்டு மந்தை.

1200-க்கு நல்ல மார்க்தான் வாங்கினேன். ஆனா அந்த ரெண்டு வருஷத்துல எனக்கு என்ன வரும், எதைச் செய்யறப்ப நேரம் போறது தெரியாம இருக்கும்னு ஒரு வாத்தியார்கூடக் கேட்கல. கேட்க அவங்களுக்கு நேரமும் இல்ல. இப்ப கம்பெனியில வருஷாவருஷம் ஒரு படிவம் வருது, 'உங்கள் மூன்று பலங்கள்'னு. போன வருஷம் எழுதினதையே காப்பி பண்ணி ஒட்டிடுவேன். அந்தப் பையனுக்கு ஒம்பது அரியர். எனக்கு அரியர் இல்ல. மத்தபடி அவன் கேட்ட கேள்வியில நானும் அவனும் ஒரே இடத்துலதான் நிக்கிறோம்.

சரி, கதைக்கு வர்றேன். எங்க ஊர்ல இருந்து வண்டியில போனா கொஞ்ச தூரத்துல சின்னப்பம்பட்டி. தங்கராசு நடராஜன் ஊர். யார்க்கர் நடராஜன். அவர் கதை உங்க எல்லாருக்கும் தெரியும்னு நினைப்பீங்க. பாதிதான் தெரியும்.

தினக்கூலிக் குடும்பம். அம்மா ரோட்டோரமா கோழிக்கறிக் கடை போட்டிருந்தாங்க. அஞ்சு பிள்ளைகள்ல மூத்தவர். 20 வயசு வரைக்கும் அவர் ஆடினது முழுக்க டென்னிஸ் பால் கிரிக்கெட்தான். டென்னிஸ் பால் ஆடினவங்களுக்குத் தெரியும், அதுல ஷார்ட் பால் போட்டா பந்து பக்கத்துக் காட்டுக்குள்ள போய் விழும். ஸ்விங், சீம் இதெல்லாம் லெதர் பால் சமாச்சாரம். டென்னிஸ் பால்ல பிழைக்கணும்னா கட்டைவிரல்ல போடணும், இல்லாட்டி அடி வாங்கணும். அப்படிப் பிழைக்கப் போட்ட பந்துதான் பின்னாடி உலகமே பார்த்த யார்க்கர். அவர் உட்கார்ந்து யோசிச்சு 'என் பலம் யார்க்கர்'னு கண்டுபிடிக்கல. நின்ன இடம் அதைத்தான் கேட்டுச்சு, அதையே ஆயிரம் தடவை போட்டார்.

அதுக்கு யூடியூப்ல வர்ற மோட்டிவேஷன் பேச்சுல வேற கதை சொல்வாங்க. உனக்குள்ள ஒரு வைரம் இருக்கு, தோண்டி எடுன்னு. எனக்கு அந்தப் பேச்சுல நம்பிக்கை கம்மி. தோண்டித் தோண்டி ஒண்ணும் கிடைக்காதவன் 'அப்ப எனக்குள்ள வைரமே இல்ல போல'ன்னு முடிவு பண்ணிடறான். தோப்புல என் பக்கத்துல படுத்திருந்தவன் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தான்.

நடராஜன் விஷயத்துல இன்னொருத்தர் இருக்கார். ஜெயப்பிரகாஷ். அதே ஊர்க்காரர், மூத்தவர். இந்தப் பையன் இங்கயே டென்னிஸ் பால் போட்டுட்டுக் கிடக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணி, சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் லீக் கிரிக்கெட்ல சேர்த்துவிட்டவர் அவர்தான். நடராஜன் தன் ஜெர்சியில 'ஜேபி நட்டு'ன்னு போட்டுக்கிட்டது அவருக்காக. முதல் பாதி ஜேபி, ரெண்டாவது பாதிதான் நட்டு. அந்த வரிசையைப் பாருங்க!

2015 ஜனவரியில தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி மேட்ச். அந்த மேட்சோட இடி விழுந்தது. பந்து போடற கை சரியில்ல, சந்தேகத்துக்குரிய ஆக்‌ஷன்னு புகார். யோசிச்சுப் பாருங்க, உங்ககிட்ட இருக்கிற ஒரே திறமையைக் காட்டி, 'இதுவே தப்பு'ன்னு சொல்றாங்க. ஆக்‌ஷனைப் பிரிச்சு, முதல்ல இருந்து கட்டினார். 2016-ல டி.என்.பி.எல்-ல திண்டுக்கல் அணிக்குத் திரும்பி வந்து யார்க்கரா இறக்கினார். 2017 ஐ.பி.எல் ஏலத்துல பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. பெருசா ஒண்ணும் நடக்கல. அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 ரெண்டு சீசனும் ஒரு மேட்ச்கூட ஆடல. எங்க ஐ.டி பாஷையில சொன்னா ரெண்டு வருஷம் பெஞ்ச். 2020-லதான் ஆடவிட்டாங்க. 16 விக்கெட். டிவில்லியர்ஸ் ஸ்டம்பைப் பேத்த அந்தப் பந்தை இப்பவும் ரீல்ஸ்ல பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலரா போனார். ஆட்டக்காரங்களுக்குப் பயிற்சிக்குப் பந்து போடற ஆள். 2020 டிசம்பர் 2-ந் தேதி கான்பெராவுல ஒரு நாள் போட்டி, ரெண்டு நாள் கழிச்சு டி20, 2021 ஜனவரி 15 பிரிஸ்பேன்ல டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்துல மூணு வகையிலயும் அறிமுகமான முதல் இந்தியர். பிரிஸ்பேன்ல முதல் இன்னிங்ஸ்ல 3 விக்கெட். ஐ.பி.எல் நடக்கும்போது பிறந்த மகளை அதுவரைக்கும் நேர்ல பார்க்கல. ஊருக்கு வந்தப்ப சாரட்டு வண்டி, மேளதாளம், சின்னப்பம்பட்டியே ரோட்டுல.

அதுக்கு அப்புறம் சில நாள்லயே பழனிக்குப் போய் மொட்டை போட்டார். அந்தப் போட்டோவை எத்தனை குரூப்ல பார்த்திருப்போம்! அதைப் பத்திக் கடைசியில பேசறேன்.

இப்ப எனக்குள்ள உறுத்தற இடத்துக்கு வர்றேன்.

என் சித்தப்பா பையன் ஒருத்தன் இருக்கான். அவனும் இடதுகைதான். எங்க பக்கத்து டென்னிஸ் பால் டோர்னமெண்ட்ல அவன் கடைசி ஓவர் போடறான்னா எதிர் டீம் முகம் செத்துப்போகும். கோப்பை, ஆட்டுக்கிடா, 5001 ரூபாய்னு ஜெயிச்சுட்டு வருவான். இன்னைக்கு திருச்செங்கோட்டு ரிக் வண்டியில டிரில்லரா இருக்கான். போர் போடறதுக்குக் கர்நாடகா, ராஜஸ்தான்னு எங்கெங்கேயோ. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்கு வருவான். வந்தா முதல் வேலை, குளிச்சுட்டு முருகன் கோயில். என்னைவிடப் பக்தி அதிகம்.

நடராஜனுக்குக் கொடுத்த முருகன் இவனுக்குக் கொடுக்கலையா? கொடுத்துட்டு மறந்துட்டாரா? பக்தன்னு சொல்லிட்டு இதைக் கேட்கக்கூடாதுன்னு சில பேர் சொல்வாங்க. கேட்காம கும்பிட எனக்கு வரல. அப்பனுக்கே பாடம் சொன்ன சாமியைக் கும்பிடறவங்க நாம. கேள்வி கேட்டா அவர் கோச்சுக்க மாட்டார்.

எங்க சித்தி சொல்ற பதில், "அவன் தலையெழுத்து கண்ணு." பல வருஷம் நானும் அதையே சொல்லிட்டு இருந்தேன். இப்ப அதை ஒத்துக்க முடியல. அவன் பந்து போடறதை ஊரே பார்த்துச்சு, கைதட்டுச்சு. ஆனா 'வாடா, சென்னைக்குப் போலாம்'னு ஒருத்தரும் சொல்லல. நான் அப்ப சென்னையிலதான் காலேஜ் படிச்சேன். லீக் கிளப் எங்க இருக்குன்னு விசாரிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை நான் கொடுக்கல. அது என் தலையில இருக்க வேண்டிய பழி. அதை எடுத்து முருகன் எழுதின எழுத்துன்னு சொல்றது பக்தி இல்ல, தப்பிச்சுக்கறது. அவனை ஜேபி மாதிரி ஒருத்தர் பார்த்திருந்தா நடராஜன் ஆகியிருப்பானான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒருவேளை டிவிஷன் லீக்லயே நின்னிருப்பான். அந்த வாய்ப்புக்கூட இல்லாம போச்சேன்றதுதான் என் வருத்தம்.

மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்குங்க. அவரும் நம்ம சேலம் மாவட்டம்தான், பெரியவடகம்பட்டி. அஞ்சு வயசுல பள்ளிக்கூடம் போறப்ப பஸ் ஏறி வலது கால் நசுங்கிப் போச்சு. அவருக்குப் பிடிச்சது வாலிபால். ஹைஜம்ப்னு அவரா நினைக்கல. பள்ளிக்கூட பி.டி வாத்தியார்தான் இந்தப் பையன் தாண்டுவான்னு பார்த்தவர். அப்புறம் 2013-ல தேசிய பாரா தடகளப் போட்டியில பயிற்சியாளர் சத்தியநாராயணா பார்த்து பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போனார். ரியோ 2016, 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவுல வெள்ளி, 2024 பாரிஸ்ல வெண்கலம். அம்மா காய்கறி வித்து வளர்த்த பிள்ளை. நான் இதை எழுதறது பதக்கத்தைச் சொல்றதுக்காக இல்ல. நசுங்கின காலைப் பார்த்து எல்லாரும் 'ஐயோ பாவம்'னு சொன்ன இடத்துல, ஒரு பி.டி வாத்தியார் கம்பியைப் பார்த்தார் பாருங்க, அதுக்காக. பெரும்பாலான பள்ளியில பி.டி பீரியடையே கணக்கு டீச்சர் வாங்கிக்குவாங்க.

ராமானுஜன் கதையும் இங்க ஞாபகம் வருது. நாமக்கல் நாமகிரித் தாயார் கொடுத்த கணக்குன்னு அவரே நம்பினார். கணக்குல மூழ்கினதுலயே மத்த பாடத்துல கோட்டை விட்டு கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் போச்சு, பிறகு பச்சையப்பாவுலயும் பாஸ் பண்ணல. அரியர் வெச்சிருக்கிற தம்பிகள் கொஞ்சம் நெஞ்சை நிமித்திக்கலாம் (ரொம்ப நிமித்தாதீங்க, அவர் நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதிட்டுத்தான் ஃபெயில் ஆனார்). துறைமுகத்துல கிளார்க்கா இருந்தவர் 1913 ஜனவரியில ஹார்டிக்குக் கடிதம் போட்டார். அதே மாதிரி கடிதத்தை வேற பெரிய கணித மேதைகளுக்கும் அனுப்பியிருந்தார், அவங்க கண்டுக்கல. தாயார் கொடுத்தது உண்மைன்னே வெச்சுக்குவோம். அதைப் படிச்சுப் பார்க்க கேம்பிரிட்ஜ்ல ஒரு மனுஷன் ஒரு சாயங்காலம் ஒதுக்க வேண்டியிருந்தது.

எனக்குத் தோணறது இதுதான். குடுக்கறது அவர் வேலை. பார்க்கிற வேலையை நம்மகிட்ட விட்டிருக்கார். நாம அதைச் செய்யாம, குடுத்தியா குடுத்தியான்னு அவர்கிட்டயே போய் நிக்கிறோம்.

பழனிக் கதையையும் இந்த யாத்திரையில புதுசா யோசிச்சேன். மாம்பழப் போட்டி. உலகத்தைச் சுத்தி வரணும். மயில் வெச்சிருக்கிறவர் பறந்தார். மூஞ்சூறு வெச்சிருக்கிறவர் தன் வாகனம் எவ்வளவு ஓடும்னு தெரிஞ்சவர், அம்மா அப்பாவைச் சுத்தினார். ரெண்டு பேரும் தன்கிட்ட இருந்ததை வெச்சுத்தான் ஆடினாங்க. சின்ன வயசுல எனக்குக் கதை சொன்னவங்க எல்லாம் அண்ணன் புத்திசாலின்னு முடிப்பாங்க. ஆனா தம்பி செஞ்சது என்ன குறைச்சல்? நெசமாவே உலகத்தைச் சுத்திட்டு வந்தாரே! பழம் கிடைக்கல. கோச்சுக்கிட்டு வந்து நின்ன மலைதான் நாம நடந்து போற மலை. தோத்தவர்னு எழுதினா பெரியவங்க திட்டுவாங்க, அதனால எழுதல. ஆனா ரிசல்ட் வந்த அன்னைக்கு அழுதுட்டு பழனிக்கு பஸ் ஏறின ஒவ்வொரு பையனுக்கும் பொண்ணுக்கும் இது உள்ளுக்குள்ள தெரியும். இந்த மலை மேல நிக்கிறவர்கிட்ட மார்க் ஷீட்டைக் காட்ட வேண்டியதில்ல.

இன்னொண்ணு. திருச்செந்தூர்ல சூரனை ஜெயிச்ச சேனாபதி. பழனியில கையில வெறும் தண்டு, இடுப்புல கோவணம். சக்தி எல்லாம் இருந்தும் எதையும் காட்டாம நிக்கிற கோலம். அந்த இடத்துல போய்த்தான் நடராஜன் முடி இறக்கினார். எனக்கு அந்த மொட்டை போட்டோ ஏன் மனசுல நிக்குதுன்னா, மொட்டை அடிச்சுட்டு மலையில நின்னா எவன் டெஸ்ட் பிளேயர், எவன் ரிக் டிரில்லர்னு தெரியாது. மஞ்சளும் சந்தனமும் பூசின ஒரே மாதிரித் தலைகள். 'இது என்னோடது'ன்னு சொல்லிக்க இருந்த ஒண்ணை இறக்கி வெச்சுட்டு வர்றது. திறமை யாரோடதுன்னு கேட்டா எனக்குத் தெரிஞ்ச பதில் அந்த மொட்டைதான். யார்க்கர் போட வேர்த்து உழைச்சது அவர் கை. ஆனா கை அவர் செஞ்சது இல்ல, டென்னிஸ் பால் டோர்னமெண்ட் அவர் நடத்தினது இல்ல, ஜேபி அவர் வேண்டி வந்தவர் இல்ல.

அந்தத் திறமை அவரை எப்பவும் உச்சியிலயே வெச்சிருந்ததான்னா அதுவும் இல்ல. 2021 மார்ச்சுல புனேவுல இங்கிலாந்துக்கு எதிரா கடைசி ஓவர், சாம் கரன் 90-ஐத் தாண்டி அடிச்சு ஆடிட்டு இருக்கார், 14 ரன் வேணும். நடராஜன் தடுத்தார், இந்தியா ஜெயிச்சது. அடுத்த மாசம் முழங்கால் ஆபரேஷன். இதுவரைக்கும் இந்தியாவுக்காக மொத்தம் 1 டெஸ்ட், 2 ஒரு நாள், 4 டி20. அவ்வளவுதான். ஆனா சின்னப்பம்பட்டியில ஒரு மைதானம் கட்டினார், 2023-ல தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வெச்சார். அதுக்கு முன்னாடியே ஜேபியும் அவரும் ஊர்ப் பசங்களுக்குப் பயிற்சி கொடுத்துட்டுதான் இருந்தாங்க. அங்க இருந்து வந்த ஜி. பெரியசாமிதான் 2019 டி.என்.பி.எல் ஃபைனல்ல சேப்பாக் அணிக்கு 5 விக்கெட் எடுத்தவர். பார்க்கப்பட்டவர், பார்க்கிறவரா மாறிட்டார்.

இப்ப தோப்புக்குத் திரும்ப வர்றேன். எழுத எழுதத்தான் எனக்கு இது ஞாபகத்துக்கு வந்தது.

அன்னைக்குச் சாயங்காலம், தங்கறதுக்கு முன்னாடி, எங்க குழுவோட டெம்போவுல இருந்த ஜெனரேட்டர் நின்னுபோச்சு. லைட் இல்ல, மைக் இல்ல, சமையல்காரர் இருட்டுல கத்திட்டு இருக்கார். பெரியவங்க நாலு பேர் கயிறை இழுத்து இழுத்துப் பார்த்தாங்க. நான் இஞ்சினியர்னு என்னைக் கூப்பிட்டாங்க. நான் போன்ல டார்ச் அடிச்சேன், அதுதான் என் பங்கு. இந்தப் பையன் வந்தான். "ஒரு தடவை இழுங்கண்ணா"ன்னு சொல்லிட்டு காதை வெச்சுக் கேட்டான். "பெட்ரோல் வருதுங்க, பொறி வரல"ன்னான். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, வேட்டி முனையில துடைச்சு, உப்புத்தாள் இல்லாததால தீப்பெட்டிப் பக்கத்துல ரெண்டு தேய் தேய்ச்சு, மாட்டி இழுத்தான். லைட் எரிஞ்சுது. 'வெற்றிவேல்'னு யாரோ கத்த, எல்லாரும் 'அரோகரா'ன்னாங்க. அவன் அதுக்குள்ள கை கழுவப் போயிட்டான்.

அப்புறம் ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் என் பக்கத்துல படுத்துக்கிட்டு, எனக்கு எதுவுமே வரலைன்னு சொன்னான்.

அவன் பொய் சொல்லல. அவனுக்கு அது ஒரு விஷயமாவே தெரியல. நமக்குச் சுலபமா வர்றது எல்லாருக்கும் வரும்னுதான் நினைச்சுக்கறோம். கஷ்டப்பட்டும் வராததைத்தான் திறமைன்னு எண்ணி ஏங்கறோம். சத்தம் கேட்டு நோய் சொல்ற காது தனக்கு இருக்குன்னு அவனுக்குத் தெரியாது, ஏன்னா அந்தக் காதோட தானே அவன் பிறந்ததுல இருந்து இருக்கான். டார்ச் பிடிச்சுட்டு நின்னவன் நான். பார்த்தவன் நான். எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்.

போன ஞாயித்துக்கிழமை அவனுக்கு போன் பண்ணினேன். ஜெனரேட்டர் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அதைப் போயி சொல்றீங்களேண்ணா. அது எல்லாரும் பண்றதுங்க."

"அங்க அறுபது பேர் இருந்தோம்டா. ஒருத்தரும் பண்ணல."

மறுபடியும் அமைதி. அப்புறம், எலெக்ட்ரிகல் மெஷின்ஸ் பேப்பர்ல ரெண்டு அரியர் இருக்குது, லேப்ல மட்டும் நல்லா வரும், தியரி எழுதத்தான் வராதுன்னு மெதுவாச் சொன்னான். அவன் காலேஜ்ல அதே டிபார்ட்மெண்ட்ல படிச்ச என் ஃபிரெண்ட் ஒருத்தன் ஓசூர்ல மோட்டார் கம்பெனியில இருக்கான். அவன் நம்பரை அனுப்பியிருக்கேன். அடுத்த சனிக்கிழமை நானும் அவன்கூட ஓசூர் போறேன்.

சித்தப்பா பையனுக்கும் போன் பண்ணினேன். சிக்னல் இல்லாத ஏதோ ஊர்ல இருக்கான் போல. ரிங் போகல. பங்குனி உத்திரத்துக்கு வருவான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!